செவ்வாய்க்கிழமை கத்திய மாடுகள்

கலைமாறன் அனுப்பும் வீடியோக்களை சுஜாந்தி இரண்டு தடவை பார்ப்பாள். முதல் தடவை அவன் காட்டுவதைப் பார்ப்பாள். இரண்டாவது தடவை அவன் காட்டாமல் விட்டதைத் தேடுவாள்.

அது அவளுக்குப் பழகிப்போன குணம். பிரான்சுக்கு வருமுன் ஏஜென்சிக்காரன் ஒருவன் மாடிவீட்டுப் படம் ஒன்றைக் காட்டி, வழியில் இரண்டு நாள் தங்கப்போகும் இடம் அதுதான் என்றான். அவளும் இன்னும் பதினான்கு பேரும் ஏழு வாரம் தங்கியது ஒரு கோழிப்பண்ணையின் பின்பக்க அறையில். அன்றிலிருந்து யார் எந்தப் படத்தைக் காட்டினாலும் அவள் கண் அதன் ஓரங்களுக்குத்தான் போகும்.

கலைமாறன் அவளுடைய கணவன். ஐந்து வருடங்களாக மொரித்தானியாவில், செனகல் ஆற்றின் வடகரையில் இருக்கிறான். அதற்கு முன் பாரிஸை ஒட்டிய ஒபர்வில்லியேயில் ஒரு மரக்கறிக் கிடங்கில் பெட்டி ஏற்றி இறக்கினான். கிடங்கு முதலாளியும் இன்னும் சிலரும் சேர்ந்து ஒரு கம்பெனி தொடங்கி, குளிர்காலத்தில் பாரிஸ் கடைகளுக்கு வெண்டிக்காயும் கத்தரிக்காயும் அனுப்புவதற்காக ஆற்றோரத்தில் அறுநூறு ஹெக்டேர் வெறும் மணலைக் குத்தகைக்கு எடுத்தார்கள். எடுத்த பிறகுதான், தண்ணீரை மேட்டுக்கு ஏற்றி வயல் வயலாகப் பிரித்துவிடத் தெரிந்த ஆள் தங்களிடம் இல்லை என்பது அவர்களுக்கு உறைத்தது. பெட்டி இறக்கிக்கொண்டிருந்த கலைமாறன் அந்தப் பேச்சைக் கேட்டுவிட்டு, தனக்குத் தெரியும் என்றான். வன்னியில், இரணைமடுக் குளத்துத் தண்ணீரில் நாலு ஏக்கர் செய்தவன் அவன். யுத்தம் முடிந்தபோது அந்த நாலு ஏக்கரும் ஒரு இராணுவ முகாமின் முள்வேலிக்குள் போய்விட்டது.

மூன்று மாதத்துக்கென்று போனான். அங்கே அப்போது ஒரு டீசல் பம்பும் பதினொரு கூடாரமும்தான் இருந்தன. காற்று வாய்க்காலை மணலால் மூடிவிடும். விடிந்ததும் இருபது பேர் மண்வெட்டியோடு இறங்கி வாய்க்கால் எங்கே போனது என்று தேட வேண்டும். அடியில் ஆற்றுக் களியைப் பூசி, காற்று வரும் பக்கம் மூன்று வரிசை மரம் நட்டு, மணலை நிறுத்த அவனுக்கு ஒரு வருடம் பிடித்தது. முதல் வெங்காயம் விளைந்ததும் பிடுங்குவதற்குச் சனம் வந்தது. சனத்துக்குத் தேநீர் விற்க ஒருவன் வந்தான். பிறகு பாண் சுடும் போறணை வந்தது, தகரத்தால் ஒரு பள்ளிவாசல், இரண்டு அறைப் பள்ளிக்கூடம், தொலைபேசிக் கோபுரம், வெள்ளிக்கிழமைச் சந்தை. பத்திரங்களில் ஊருக்கு வேறு ஏதோ பெயர். சனம் அதை லா பொம்ப் என்றது. பம்பு என்று அர்த்தம். ஐந்தாவது வருடம் அங்கே நாலாயிரம் பேர் இருந்தார்கள்.

சுஜாந்திக்கு அதில் பெருமை இல்லாமல் இல்லை. பாரிஸில் ரூ பெர்தொனே தெருவில் அவள் சமைக்கும் உணவகத்துக்கு அந்தக் கத்தரிக்காய்ப் பெட்டிகள் வரும்போது, ஒன்றை எடுத்துக் கையில் உருட்டிப் பார்ப்பாள்.

ஆனால் வீடியோக்கள் எல்லாம் ஒரே மாதிரி ஓடின. ஆற்றில் தொடங்கும், வாய்க்கால் வழியே வரும், வயலைக் காட்டும், வீடுகளைக் காட்டும், மரவரிசை வந்ததும் நின்றுவிடும். மரங்களுக்கு அந்தப் பக்கம் என்ன இருக்கிறது என்று கேட்டால் மணல் என்பான்.

போன பங்குனியில் ஒரு செவ்வாய்க்கிழமை பின்னேரம் பேசிக்கொண்டிருந்தபோது அவன் குரலுக்குப் பின்னால் மாடுகள் கத்தின. பத்து இருபது அல்ல, நூற்றுக்கணக்கில். என்ன சத்தம் என்று கேட்டாள். சந்தைக்கு வந்த மாடுகள் என்று சொல்லிவிட்டு, லைன் சரியில்லை என்று வைத்துவிட்டான். சந்தை வெள்ளிக்கிழமை. அதைவிட, அவளும் மாடு வளர்த்த வீட்டில் பிறந்தவள். விற்க நிற்கும் மாடு அப்படிக் கத்தாது. தண்ணீர் காணாத மாடுதான் அடிவயிற்றிலிருந்து அப்படி இழுத்துக் கத்தும்.

அடுத்த கிழமை ஒரு பெண்ணின் குரல் கேட்டது. கதவுக்கு வெளியே நின்று அவள் ஏதோ கெஞ்சுவதும், கலைமாறன் சுஜாந்திக்குத் தெரியாத மொழியில் தாழ்ந்த குரலில் அவளைச் சமாதானப்படுத்துவதும் தெளிவாகக் கேட்டன. யாரென்று கேட்டதற்கு, வேலை கேட்டு வந்தவள் என்றான்.

உணவகத்தில் அவளோடு வேலை செய்யும் இராசமலர், அவளைவிடப் பத்து வயது மூத்தவள். இந்தக் கதையைக் கேட்டதும் இடியப்ப உரலைப் பிழிவதை நிறுத்தாமலே தீர்ப்புச் சொல்லிவிட்டாள்.

"அஞ்சு வரியமா ஆம்பிளை தனிய இருக்கிறான். மாட்டை விடு, பொம்பிளையைப் பார்."

அதன் பிறகு சுஜாந்தி மறைமுகமாகக் கேள்விகள் கேட்கத் தொடங்கினாள். உடுப்பு யார் தோய்ப்பது? இன்று என்ன சாப்பாடு, யார் சமைத்தது? ஒரே கேள்வியைப் பத்து நாள் கழித்துத் திரும்பக் கேட்டு, பதில் மாறுகிறதா என்று பார்த்தாள். மாறவில்லை. மாறாததும் அவளுக்குச் சந்தேகமாக இருந்தது.

உணவகத்தில் கோப்பை கழுவுபவர் பெயர் சம்பா. ஐம்பது வயதைத் தாண்டிய ஆபிரிக்கர். அவர் பெயரைச் சொல்லி, அரிசி வந்துவிட்டது என்று பகிடி பண்ணாத தமிழர் அந்தச் சமையலறையில் இல்லை. அவரும் சிரித்துக்கொள்வார். அவருக்கும் சுஜாந்திக்கும் பிரெஞ்சு அரைகுறைதான். இரண்டு வருடமாக உப்பு, சூடு, கவனம், நாளைக்கு என்ற சொற்களிலேயே பழகியிருந்தார்கள்.

வைகாசி மாதம் ஒரு நாள் மத்தியானக் கூட்டம் முடிந்த பிறகு அவள் புது வீடியோவை இரண்டாவது தடவை பார்த்துக்கொண்டிருந்தாள். பின்னால் துணியால் கையைத் துடைத்தபடி வந்த சம்பா நின்றுவிட்டார். திரும்பப் போடச் சொன்னார். ஆற்றங்கரையில் சரிந்து, தண்ணீரில் கிளை தோய நின்ற ஒரு மரத்தைக் காட்டி ஒரு சொல் சொன்னார்: துல்தே. அந்த இடத்தின் பெயர் என்றார். உங்களுக்கு எப்படித் தெரியும் என்று அவள் கேட்டதும், படம் யார் அனுப்பியது என்று அவர் கேட்டார். என் புருஷன் என்றாள். அவர் ஒரு நிமிடம் அவளை உற்றுப் பார்த்துவிட்டுத் தொட்டிக்குத் திரும்பிப் போனார்.

அன்றிலிருந்து சம்பா அவளோடு பேசவில்லை. சாப்பிடுவதையும் பின்வாசலுக்குக் கொண்டுபோனார். அவள் சமைத்ததை எடுக்காமல், வீட்டிலிருந்து கொண்டுவந்த பாணைத் தின்றார். இந்த மனிதர் கலைமாறனைப் பற்றி முன்பே தெரிந்துதான் இங்கே வேலைக்கு வந்தாரா என்றுகூட அவளுக்குத் தோன்றியது. அந்தப் பெண் இவருடைய தங்கையோ மகளோ என்று ஒரு நாள் முழுக்க நினைத்துக்கொண்டிருந்தாள். கடைசியில் பொறுக்க முடியாமல், சனிக்கிழமை மகள் விதுர்ஷாவைக் கூட்டிக்கொண்டு வந்தாள். விதுர்ஷாவுக்குப் பதினாறு வயது. தமிழில் கேட்டால் பிரெஞ்சில் பதில் சொல்பவள். அன்றைக்கு அதுதான் தேவையாக இருந்தது.

சம்பா விதுர்ஷாவிடம் மெதுவாக, ஒழுங்காகச் சொன்னார். அவர் பெலாணிச் சனம், மாடு மேய்ப்பவர்கள். மழைக்காலத்தில் வடக்கே போவார்கள். புல் காய்ந்ததும் மந்தைகளை ஆற்றுக்கு இறக்குவார்கள். அவருடைய தகப்பன் காலத்திலும் அதற்கு முன்பும் இறங்கும் வழி துல்தேதான். மற்ற இடங்களில் கரை செங்குத்து. இப்போது துல்தேயைச் சுற்றிக் கம்பிவேலி. சுற்றிக்கொண்டு அடுத்த இறக்கத்துக்குப் போக இன்னும் பதினொரு கிலோமீற்றர். போன வருடம் அவருடைய மாமாவின் மந்தையில் அறுபது மாடுகள் அந்தப் பதினொரு கிலோமீற்றரில் விழுந்தன. பெண்கள் தண்ணீர்க் கான்களோடு போய்க் கன்றுகளுக்காவது தண்ணீர் கேட்டு நிற்கிறார்களாம்.

"அந்த வேலியைப் போட்ட ஆளுக்கு அங்கை ஒரு பேர் இருக்காம்," என்றாள் விதுர்ஷா. அவள் அதைத் தமிழில் சொன்னதே சுஜாந்தியைப் பயப்படுத்தியது. "வேலிக்கார இந்தியன். அது அப்பாவோ எண்டு கேக்கிறார்."

சுஜாந்தி மகளைக் கூட்டிக்கொண்டு வெளியே வந்தாள். ரூ லூயி-பிளாங் தெரு வழியாக வீட்டுக்கு நடந்து வரும்போது, அங்கே ஒரு பெண் இருந்திருந்தால் சுலபமாக இருந்திருக்குமே என்று நினைத்தாள். அவனை வெறுத்துவிட்டுப் பேசாமல் இருந்திருக்கலாம். சம்பா சொல்வது பொய்யாக இருக்கலாம் என்றும் யோசித்தாள். ஆனால் செவ்வாய்க்கிழமைச் சத்தம் அவள் காதில் இருந்தது. அதை அவளுக்கு யாரும் மொழிபெயர்க்கத் தேவையில்லை.

ஆடியில் கலைமாறன் வந்தான். அங்கே மழை தொடங்கி வயல் வேலை நிற்கும் காலம். கறுத்து, மெலிந்து, நல்ல சந்தோஷமாக வந்தான். பேரீச்சம்பழமும் நீலச் சாயத் துணியும் கொண்டுவந்தான். மூன்று அறை வீடு கட்டி முடிந்துவிட்டது, வாய்க்கால் பக்கம் தேசிக்காய் மரம் வைத்திருக்கிறேன், ஐப்பசியோடு இரண்டு பேரும் அங்கே வந்துவிடுங்கள் என்றான். அங்கே சனம் தன்னைக் கேட்காமல் ஒரு பாத்திகூடக் கட்டாது என்றான். விதுர்ஷா எழும்பித் தன் அறைக்குப் போனாள்.

சுஜாந்தி அவன் சாப்பிட்டு முடிக்கும்வரை பொறுத்தாள். சுற்றி வளைத்துக் கேட்கும் பழக்கத்தை அன்றைக்கு விட்டுவிட்டாள்.

"செவ்வாய்க்கிழமை மாடு ஏன் கத்தினது?"

அவன் எந்தச் செவ்வாய்க்கிழமை என்று கேட்கவில்லை. கை கழுவிக்கொண்டு வந்து உட்கார்ந்து சொன்னான். முதல் விளைச்சல் வரை வேலி இல்லை. வெங்காயம் பிடுங்க ஒரு கிழமை இருக்கும்போது மந்தை இறங்கி, ஒரு காலையில் எழுபது ஹெக்டேரை உழக்கிவிட்டுப் போனது. கம்பெனி, வேலி போடு அல்லது எல்லோரும் கிளம்புங்கள் என்றது. அப்போது கூடாரங்களில் முந்நூறு பேர் இருந்தார்கள். அவன்தான் முளை அடித்தான். நாலு கிலோமீற்றர் கம்பி. சுற்றிப் போவார்கள், பழகிவிடுவார்கள் என்று நினைத்தான். பெண்கள் வந்து கேட்டால் தண்ணீர் கொடுத்ததாகச் சொன்னான்.

"நான் இழுக்காட்டி வேறை ஒருத்தன் இழுத்திருப்பான், சுஜா."

"எங்கட காணிக்குக் கம்பி இழுத்தவனும் இதைத்தான் சொல்லியிருப்பான்."

அவன் முகம் போன விதத்தைப் பார்த்து அவளுக்கே பாவமாக இருந்தது. ஆனாலும் விடவில்லை. அங்கே வருவதைப் பற்றிப் பிறகு பேசலாம், முதலில் ஒருவரைச் சந்திக்க வேண்டும் என்றாள்.

ஞாயிற்றுக்கிழமை மூன்று மணிக்கு, உணவகம் மூடிக்கிடந்த நேரத்தில் மேசையின் ஒரு பக்கம் சம்பாவும் மறுபக்கம் கலைமாறனும் உட்கார்ந்தார்கள். விதுர்ஷா மொழிபெயர்ப்பாள் என்று சுஜாந்தி அவளையும் இருத்தியிருந்தாள். ஆனால் கலைமாறன் சம்பாவின் மொழியிலேயே பேசத் தொடங்கினான். தாயும் மகளும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். ஐந்து வருடத்தில் அவன் அதை இவ்வளவு படித்திருப்பான் என்று இருவருக்கும் தெரியாது. முதலில் இருவரும் மாறிமாறி நீண்ட நேரம் நலம் விசாரித்தார்கள். திடீரென்று கலைமாறன் கேட்ட ஒரு கேள்வியில் சம்பா நிறுத்தினார். அது மாடுகள் சுகமா என்ற கேள்வி என்று பிறகு தெரிந்தது.

இருபத்தைந்து நிமிடம் பேசினார்கள். ஒரு சொல் விளங்காமல் சுஜாந்தி முகங்களை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தாள். சம்பா ஒரு தடவை மேசையில் விரலால் கோடு போட்டார். கலைமாறன் அந்தக் கோட்டின் நடுவில் கையை வைத்தான். எழும்பும்போது கை கொடுக்கவில்லை.

வீட்டில் கேட்டபோது, பாதை ஒன்று கேட்கிறார், கம்பெனியோடு கதைத்துப் பார்க்கிறேன் என்று சொன்னேன் என்றான் கலைமாறன். மறுநாள் சமையலறையில் சம்பாவைக் கேட்டாள். கம்பெனியைக் கேட்கமாட்டேன், நானே கம்பியை வெட்டுவேன் என்று உன் புருஷன் சொன்னான் என்றார். சொல்லிவிட்டு, தனக்கு நம்பிக்கை இல்லை என்றும் சேர்த்துச் சொன்னார்.

இரண்டு பேரில் ஒருவர் பொய் சொல்கிறார். யார் என்று அவளுக்குப் பிடிபடவில்லை. ஆவணி முடிவில் கலைமாறன் தனியாகத் திரும்பிப் போனான். விமான நிலையத்தில் அவள் அழவில்லை. அவனும் எப்போது வருகிறீர் என்று கேட்கவில்லை.

அதன் பிறகு வீடியோக்கள் குறைந்தன. மார்கழியோடு நின்றே போயின. தொலைபேசியில் கேட்டால் வேலை நல்லாப் போகுது என்பான். பின்னால் எந்தச் சத்தமும் இல்லை. போறணைச் சத்தம், பிள்ளைகளின் சத்தம்கூட இல்லை. முன்பு இருந்த அறையில் இருந்து அவன் பேசவில்லை என்று அவளுக்குப் பட்டது. உணவகத்துக்கு வரும் கத்தரிக்காய்ப் பெட்டிகளும் தை மாதம் ஒரு கிழமை வரவில்லை. இராசமலர் மறுபடி பெண் கதையைத் தொடங்கினாள். இந்த முறை சுஜாந்தி அதைக் காதில் வாங்கவில்லை.

பங்குனி நடுவில் சம்பா தானாகவே அவளிடம் வந்தார். அவருடைய மாமா குரலில் ஒரு செய்தி அனுப்பியிருந்தார். போட்டுக் காட்டினார். ஒரு கிழவரின் குரல் வேகமாக ஏதோ சொன்னது. பின்னால் நிறைய மாடுகள் இருந்தன, ஆனால் கத்தவில்லை. மணிச்சத்தமும் குளம்புச் சத்தமும்தான் கேட்டன. துல்தேயில் கம்பி வெட்டி நாற்பது அடிக்குப் பாதை விட்டிருக்கிறது, மந்தை இறங்கிக் குடித்துவிட்டது என்கிறார் என்றார் சம்பா. வேலிக்கார இந்தியன் தினமும் காலையில் தடியோடு அந்தப் பாதை வாசலில் நின்று, மாடு வயலுக்குள் போகாமல் பார்த்துக்கொள்கிறானாம்.

சுஜாந்தி அந்தச் செய்தியைத் தன் தொலைபேசிக்கு அனுப்பச் சொன்னாள். அன்று மாலை அதைக் கொண்டுபோய், ஒபர்வில்லியேயில் போன் திருத்தும் ஒரு பெலாணிப் பொடியனிடம் கொடுத்து, என்ன சொல்கிறார் என்று கேட்டாள். சம்பாவைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. பொடியனும் அதையேதான் சொன்னான். சம்பா பாதையின் அகலத்தை நாற்பது அடி என்றிருந்தார், இவன் எட்டி வைக்கும் நாற்பது காலடி என்றான். கடைசியில் சம்பா விட்டுவிட்ட ஒரு வரியையும் சொன்னான்: அந்த இந்தியனைக் கம்பெனி வேலையால் நிறுத்திவிட்டது, பாவம்.

அவள் கடை வாசலிலேயே நின்று கலைமாறனை அழைத்தாள். வேலை எப்படி என்று கேட்டாள். நல்லாப் போகுது என்றான்.

"உங்களுக்கு வேலையில்லை எண்டு எனக்குத் தெரியும்."

அப்போதுதான் அவன் உண்மையைச் சொன்னான். கம்பெனியைக் கேட்டால் மறுக்கும் என்று தெரிந்துதான் கேட்காமல் வெட்டினான். மார்கழியில் நிறுத்திவிட்டார்கள், கம்பெனி அறையையும் விடச் சொன்னார்கள். திரும்ப வேலி போட ஆட்கள் வந்தபோது மரக்கறி ஆயும் சனத்தில் பாதிப் பேர் வயலுக்குப் போக மறுத்தார்கள். பலருக்கு அந்த மேய்ப்பர்கள் சொந்தக்காரர். மறுபாதிப் பேர் அவனைத் திட்டினார்கள்; ஒருவன் கல்லால் எறிந்தான். ஆறு நாள் ஒரு பெட்டிகூட ஏறவில்லை. ஏழாம் நாள் கம்பெனி, மாசியிலிருந்து ஆனி வரை பாதை திறந்திருக்கலாம் என்று ஒத்துக்கொண்டது, ஆனால் அவனைத் திரும்ப எடுக்கவில்லை. இப்போது ஊர் ஓரத்தில் அரை ஹெக்டேரில் கத்தரி வைத்து வெள்ளிக்கிழமைச் சந்தையில் விற்கிறான். தேசிக்காய் மரம் வைத்த வீடும் கம்பெனியின் நிலத்தில்தான், அதுவும் இல்லை.

"ஏன் எனக்கு மறைச்சனீங்கள்?"

"செய்து முடிப்பனோ எண்டு எனக்கே தெரியேல்லை. சொல்லிப்போட்டுச் செய்யாமல் விட்டால் உம்மட முகத்தைப் பாக்கேலாது." பிறகு, "இப்ப உம்மை வரச்சொல்லக் கேக்கிறதுக்கு இஞ்சை ஒண்டுமில்லை," என்றான்.

அவள் வீட்டுக்கு வந்து விதுர்ஷாவிடம் பள்ளிக்கூட விடுமுறை எப்போது என்று கேட்டாள். மறுநாள் ரூ லூயி-பிளாங்கில் பயண முகவர் கடைக்குப் போய் இரண்டு பேருக்குப் போய்வர டிக்கெட் போட்டாள். திரும்பும் திகதியையும் குறித்தாள், பதினாறு நாள். கலைமாறனுக்குச் சொன்னபோது, இருக்க வருகிறீர்களா என்று மெல்லக் கேட்டான்.

"பாக்க வாறன்," என்றாள். "பாத்திட்டுச் சொல்லுறன்."

புறப்படுவதற்கு முதல் நாள், சம்பா பழுப்புக் காகிதத்தில் சுற்றி, நூலால் இறுக்கிக் கட்டிய ஒரு பொதியைக் கொண்டுவந்தார். மாமாவிடம் கொடுக்க வேண்டும் என்றார். சுஜாந்தி வாங்கினாள். வாங்கியவள் அதைக் கையில் வைத்து எடை பார்த்தாள். பிறகு அவரைப் பார்த்தாள். திறந்து பார்க்காமல் யாருடைய பொதியையும் அவள் கொண்டுபோக மாட்டாள். அதை எப்படிச் சொல்வது என்று பிரெஞ்சுச் சொற்களைத் தேடிக்கொண்டிருந்தாள்.

சம்பா அவள் கையிலிருந்து பொதியைத் திரும்ப வாங்கி, மேசையில் வைத்துத் தானே நூலை அவிழ்த்தார். உள்ளே இரண்டு சேர்ட்டும் ஒரு வாசிப்புக் கண்ணாடியும் டோர்ச் லைட் ஒன்றும் இருந்தன. ஒவ்வொன்றாக எடுத்து அவளுக்குக் காட்டினார். டோர்ச்சின் அடியைத் திருகிக் கழற்றி, பற்றறிகளையும் வெளியே கொட்டிக் காட்டினார். சுஜாந்தி அவற்றைத் திரும்பப் போட்டு, எரிகிறதா என்று ஒரு தடவை அழுத்திப் பார்த்துவிட்டுப் பொதியைக் கட்டத் தொடங்கினாள்.